பாயிரம் இல்லாத செய்தி

முன்னாளில் எம் கரையோரக் கிராமங்களில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தால், அதனைக் கையிற் பிடித்துக்கொண்டு ஆசிரியர் வீட்டுக்கு ஓடி வருவார்கள். அரசாங்கத்திலிருந்து நீண்ட உறையிலே கடிதம் வந்தாலும் அவ்வாறே. படித்துச் சொல்லுதல் ஆசிரியனுடைய கடன்களுள் ஒன்றாக இருந்தது. தந்தி ஒழிந்துவிட்டது. கற்பிட்டி தொடக்கம் உடப்பு வரையில் இன்று எழுத்தறியாத இளந்தாயைக் காண்டல் அரிது. ஆயினும் அந்தக் கடன் மாத்திரம் ஆசிரியனை விட்டு நீங்கியபாடில்லை. கைத்தொலைபேசியை நீட்டி, "சேர், இது மெய்தானா?" என்று கேட்கிறார்கள். எழுத்து அவர்களுக்குத் தெரிகிறது. எழுதியவன் யார் என்பதுதான் தெரியவில்லை.

அவ்வாறு நீட்டப்படும் செய்திகளுள் ஒரு பகுதி குழந்தைகளுக்கு இடும் தடுப்பூசி பற்றியது. ஒன்பதாம் மாதத்து ஊசியால் பிள்ளையின் பேச்சு நின்றுவிடும் என்பது ஒன்று. ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடும் ஊசி மலடாக்கும் என்பது மற்றொன்று. அவ்வூசி கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுப்பதற்காக 2017 ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இடப்படுவது. மூன்றாவதொரு செய்தி அகத்தியர் பெயரால் ஒரு செய்யுளையும் தாங்கி வந்தது. அதன் தளையும் சொல்லும் அண்மைக் காலத்தன என்பது முதலாண்டு மாணாக்கனுக்கும் புலப்படும்.

யான் மருத்துவன் அல்லேன். எந்த ஊசி எந்தக் கிருமியை எங்ஙனம் வெல்லும் என்று தீர்ப்புக் கூற எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஓர் உரை நம்பத்தக்கதா என்று ஆராயும் தொழிலில் தமிழாசிரியனுக்கும் சிறிது பயிற்சி உண்டு. பவணந்தியார் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுப் பொருளை விதித்தார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. மாணவர் இதனைப் பரீட்சைக்காக மனனம் செய்து மறுநாளே மறந்துவிடுகின்றனர். ஒரு நூலைத் திறக்குமுன் அதன் பிறப்பையும் குலத்தையும் கேட்டறியும் இவ்வழக்கம், நூல்கள் ஓலையிற் பெருகிப் பிழைகளும் உடன் பெருகிய காலத்திலே தோன்றியது. ஓலைக்கு வேண்டியிருந்த காவல் கைத்தொலைபேசிக்கு வேண்டாவா?

முதலாவது, ஆக்கியோன். "ஒரு பிரபல வைத்தியர் கூறுகிறார்" என்று செய்தி தொடங்கும். எந்த வைத்தியர், எவ்வூர், எந்தத் துறை என்னும் விவரம் கடைசி வரி வரையில் வாராது. தந்தை பெயர் இல்லாத கடிதத்தின்மேல் காணி வாங்குவாரில்லை. பிள்ளையின் உயிர் காணியினும் சிறிதன்று.

அடுத்தது வழி. முதனூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாக வகுத்தனர் அன்றோ? ஒன்பதாம் மாத ஊசி பேச்சை நிறுத்தும் என்ற கூற்றின் வழியைத் தேடிச் சென்றால் இங்கிலாந்தைச் சென்றடைவோம். 1998 ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் அன்ட்ரூ வேக்பீல்ட் என்பவரும் பிறரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட பிள்ளைகள் 12 பேர். சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும் உரிய கூட்டு மருந்துக்கும் மதியிறுக்கம் எனப்படும் குறைபாட்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அக்கட்டுரை எழுப்பிற்று. தொடர்பு நிறுவப்படவில்லை என்று அக்கட்டுரையே கூறியிருந்தது என்பதை ஈண்டு நோக்குக. முதனூல் ஐயமாகக் கூறியதை வழிநூல்கள் துணிபாகக் கூறின. சார்புநூல்கள் அதனினும் விரித்தன. நாம் நன்கறிந்த கதைதானே இது!

பின்னர் முதனூலே பழுதுடையது என்பது தெரிய வந்தது. தடுப்பு மருந்து ஆக்கியோர்மேல் வழக்குத் தொடுக்க முனைந்தோரின் சட்டத்தரணிகளிடம் வேக்பீல்ட் பணம் பெற்றிருந்தார் என்பதைப் பிரயன் டியர் என்னும் பத்திரிகையாளர் 2004 ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினார். 2010 இல் லான்செட் அக்கட்டுரையை முற்றாக விலக்கிற்று. அவ்வாண்டிலேயே வேக்பீல்டின் பெயரும் பிரித்தானிய வைத்தியர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 657,461 பிள்ளைகளை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சி 2019 இல் வெளிவந்தது. ஊசி பெற்ற பிள்ளைகளிடத்தில் மதியிறுக்கம் மிகுதியாகத் தோன்றவில்லை என்பது அதன் முடிவு. ஊசி இடும் பருவமும், பிள்ளை பேச வேண்டிய காலத்திற் பேசவில்லை என்பதைத் தாய் உணரும் பருவமும் ஏறக்குறைய ஒன்றாக இருத்தலால், முன்னது பின்னதற்குக் காரணம் போலத் தோன்றும். காக்கை ஏறப் பனம்பழம் விழுந்த கதையை வடநூலார் காகதாலீயம் என்பர்.

எல்லை என்பது நூல் வழங்கும் நிலப்பரப்பு. கனடாவிலோ தமிழ்நாட்டிலோ எழுதப்பட்ட ஒன்று, அங்கே வழங்கும் வேறு மருந்தையும் வேறு அட்டவணையையும் பற்றியதாக இருக்கும். அது கடல் கடந்து நம் கரைக்கு வரும்பொழுது நாட்டின் பெயர் உதிர்ந்துவிடுகிறது. முந்தலில் உள்ள தாய், தன் பிள்ளைக்கு நாளை இடப்போகும் ஊசியைப் பற்றியே அஃது எழுதப்பட்டது என்று அஞ்சுகிறாள். யாப்பை நான்காகப் பகுத்துத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என்றனர். கைத்தொலைபேசிச் செய்திகள் பெரும்பாலும் தொகுத்து மொழிபெயர்த்தவை. தொகுக்கும்போது "இருக்கலாம்" என்பது போய்விடும். மொழிபெயர்க்கும்போது "இல்லை" என்பதுகூடப் போய்விடும்.

நிற்க. பொய் சொல்வோர் எல்லாம் தீய எண்ணத்தினர் என்று கொள்ளவேண்டா. நல்லெண்ணத்தாற் புனைந்த பொய் ஒன்று நம் தமிழ் வரலாற்றிலேயே உண்டு. எட்வர்ட் ஜென்னர் 1796 இல் பசுவின் அம்மையிலிருந்து எடுத்த பொருளை ஒரு சிறுவனுக்கு ஏற்றி, பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்தே ஆங்கிலத்தார் அதற்குப் பெயரிட்டனர். நம்மவர் அதனை அம்மைப்பால் என்றனர். எத்துணை அழகிய சொல்! 1802 இல் அது பம்பாய்க்கு வந்தது. அவ்வாண்டிலேயே இலங்கைக்கும் வந்து, தோமஸ் கிறிஸ்டி என்னும் வைத்திய அதிகாரியின் மேற்பார்வையில் ஏற்றப்படலாயிற்று. மக்கள் தயங்கினர். அம்மை தெய்வத்தின் வரவு என்று கருதி வேப்பிலை கட்டிய மக்களுக்கு, பிறனொருவன் கத்தியாற் கீறி எதையோ ஏற்றுவது அச்சந்தராதா?

அக்காலத்திற் சென்னையில் இருந்தவர் எல்லிஸ் துரை. திருக்குறளுக்கு உரை கண்டவராகவும், திராவிட மொழிகள் தனிக்குடும்பத்தின என்று 1816 இல் எழுதியவராகவும் பண்டித உலகம் அவரை நன்கறியும். அவர் மக்களின் தயக்கத்தைப் போக்க எண்ணி, பசுவின் அம்மையைத் தெய்வக் கொடையாகக் காட்டும் ஒரு கதையைச் சக்திக்கும் தன்வந்திரிக்கும் நிகழ்ந்த உரையாடலாகப் புனைந்தார். 1819 சனவரியில் 'மதராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்போன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. அம்மைப்பால் ஏற்றும் முறை பழைய வடமொழி நூலொன்றிற் கூறப்பட்டுள்ளது என்பது அக்கடிதத்தின் செய்தி. ஐரோப்பிய மருத்துவ நூலாசிரியர் பலர் அதனை மெய்யென்று எடுத்தாண்டனர். டொமினிக் வூயஸ்டிக் என்ற வடமொழி அறிஞர் 1987 இல் இதன் வழியை ஆராய்ந்து, பழைய ஆயுர்வேத நூல்களில் இதற்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். ஆயினும் ஜென்னருக்கு முன்பே நம் முன்னோர் இதனைச் செய்தனர் என்று பெருமை பேசும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

எல்லிஸ் துரையின் தமிழன்பை மதிப்பவன் யான். அவர் கருதிய பயனும் நற்பயனே. ஆயினும் இதனை யான் ஒப்புக்கொள்ளேன். மெய்யான பொருளைப் பொய்யான பாயிரத்தோடு கொடுத்தால், பாயிரம் பொய்யென்று தெரியும் நாளிலே பொருளும் பொய்யென்று தள்ளப்படும். அண்மையில் ஓர் அன்பர் சுகாதார வாரச் சுவரொட்டி ஒன்றுக்காக, சித்தர் வாக்குப் போல நான்கு வரி எழுதித் தருமாறு என்னைக் கேட்டார். என் பெயரில் வேண்டுமாயின் எழுதுவேன் என்றேன். அவருக்கு அதில் விருப்பமில்லை.

இனி, அரசாங்கத்தின் உரை எப்படி நம்பத்தக்கதாகிறது என்பதையும் கேட்டல் வேண்டும். "எல்லாம் நல்லது, அஞ்சற்க" என்று மாத்திரம் சொல்லும் துண்டுப்பிரசுரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2008 சனவரியில் இலங்கை ஐந்து நோய்களுக்குரிய ஒரு கூட்டு மருந்தைத் தொடங்கிற்று. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரல் அழற்சி 'பி', ஹிப் என்னும் கிருமியால் வரும் நோய் என்பன அவை. மூன்று மாதங்களுள் 4 குழந்தைகளின் மரணமும், குழந்தை சிறிது நேரம் துவண்டு உணர்வு குறையும் நிலை 24 பேரிடத்தும் அறிவிக்கப்பட்டன. மருந்து இடைநிறுத்தப்பட்டது. பின்னர் வேறு தொகுதி மருந்து வழங்கப்பட்டு, 2009 இல் இன்னொரு மரணம் அறிவிக்கப்பட்டபோது மீண்டும் நிறுத்தப்பட்டது. உள்நாட்டு நிபுணரும் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்தோரும் ஒவ்வொரு நிகழ்வையும் ஆராய்ந்தனர். மரணங்களுக்கு மருந்துதான் காரணம் என்பது நிறுவப்படவில்லை. 2010 இல் அம்மருந்து மீண்டும் வழக்கத்துக்கு வந்தது.

இந்நிகழ்ச்சியைத் தாய்மாரிடம் சொல்லலாமா, சொன்னால் அஞ்சுவார்களே என்று என் நண்பர்கள் சிலர் தயங்குகின்றனர். சொல்லத்தான் வேண்டும் என்பது என் துணிபு. ஊசிக்குப் பின் நிகழ்ந்ததை அறிவிக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. அறிவித்தால் மருந்தை நிறுத்தவும் ஆராயவும் ஆள் இருக்கிறார்கள். ஆராய்ந்ததை எழுதி வைக்கிறார்கள். இதனை அறிந்த தாய், "மறைக்கிறார்கள்" என்று எவனோ எழுதும்போது எளிதில் மயங்கமாட்டாள். பாடபேதங்களை அடிக்குறிப்பிற் காட்டும் பதிப்பாசிரியரை நாம் நம்புவதற்கும் இதுவே காரணம்.

ஆனால் இங்கே ஒரு பெருந்தடை உண்டு. அது மொழித்தடை. தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கை ஆங்கிலத்தில் வருகிறது. புத்தளம் மாவட்டத்திற் சிங்களம் பேசுவோரே பெரும்பான்மையோர். மருத்துவமாது தமிழ் அறியாதவராக இருப்பதும் உண்டு. இந்நிலையில் தமிழில் வரும் அறிவிப்புகள் சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டு உயிரிழந்து வருகின்றன. வதந்தியோ நல்ல தமிழில், பக்கத்து வீட்டுக்காரி பேசுவதுபோல வருகிறது. மெய் கரடுமுரடாகவும் பொய் சரளமாகவும் பேசினால், கேட்பவள் எதனை நம்புவாள்? நிர்ப்பீடனம் என்ற சொல்லை எடுத்துக்கொள்க. பீடை இல்லாத நிலை என்று பொருள் விரித்து யான் மகிழலாம். கற்பிட்டிக் கரையில் வலை காயவைக்கும் பெண் அதனைக் கேட்டு என்ன அறிவாள்? "பிள்ளைக்கு ஊசி போடுற நாள்" என்றால் அவள் அறிவாள்.

நோய்ப்பெயர்களில் இத்தடை இன்னும் பெரிது. "ஊசி போட்டும் பிள்ளைக்கு அம்மை வந்தது" என்று ஒரு செய்தி சொல்லும். எந்த அம்மை? பெரியம்மை 1980 இல் உலகினின்று ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. கொப்பளிப்பான் வேறு, அதற்குரிய மருந்து அரசாங்கத்தின் இலவச அட்டவணையில் இல்லை. சின்னமுத்து வேறு, ஒன்பதாம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் இடும் ஊசி அதற்குரியது. கொப்பளிப்பான் கண்ட பிள்ளையின் தாய், சின்னமுத்து ஊசி பொய்த்தது என்று முடிவு செய்கிறாள். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அல்-ராஸி என்னும் பாரசீக மருத்துவர் பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தித் தனிநூல் எழுதினார். நம் பேச்சு வழக்கில் அம்மை என்ற ஒரே பாயில் அத்தனை பேரும் இன்றும் படுத்திருக்கின்றனர்.

இவ்விடத்தில் டொக்டர் சாமுவேல் கிறீன் அவர்களை நினையாதிருத்தல் ஆகாது. 1847 இல் அமெரிக்க மிஷனரியாக யாழ்ப்பாணம் வந்தவர். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலிய நூல்களைத் தம் மாணவர் துணையோடு தமிழாக்கினார், கலைச்சொற்களைத் தொகுத்தார். கெமிஸ்தம் என்ற சொல்லைக் கண்டு தனித்தமிழன்பர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் நோயாளியின் மொழியிலேயே வைத்தியன் கற்க வேண்டும் என்று கடல்கடந்து வந்த ஒருவர் கண்டதை, நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் நாம் ஒரு துண்டுப்பிரசுரத்திற்கூடச் செய்யமாட்டாதிருக்கிறோமே!

சமயம் பற்றிய ஐயமும் எம் மாவட்டத்தில் எழுவது உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும் பகுதியினர் புத்தளத்தில் வந்து குடியேறினர். ஏற்கனவே இக்கரையில் முஸ்லிம் மக்கள் பல தலைமுறையாக வாழ்கின்றனர். சில மருந்துகளில் விலங்கிலிருந்து எடுத்த ஜெலற்றின் கலந்திருப்பதால் அது ஆகுமா என்று பெற்றோர் வினவுகின்றனர். இது வீண் வினா அன்று. மதித்து விடை கூறவேண்டிய வினா. 1995 இல் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கூட்டிய மாநாட்டில் மார்க்க அறிஞரும் மருத்துவரும் ஒருங்கிருந்து ஆராய்ந்து, பொருள் தன் இயல்பு முற்றாக மாறிவிட்டால் அது விலக்குக்கு உட்படாது என்று கண்டனர். இதனை எடுத்துக்காட்டித் தம் ஊர் மௌலவியிடமே கேட்குமாறு யான் சொல்லுவது வழக்கம். தமிழ்ப் பண்டிதன் பத்வா வழங்குதல் தகாது.

இவ்வளவும் ஏன்? சின்னமுத்து மீண்டும் வந்தமையால்தான். 2019 சூலையில் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் அது மறுபடியும் தோன்றிற்று. 2024 சனவரியில் ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் நிறைந்து ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்கு மேலதிக ஊசி இடவேண்டி வந்தது. காப்பில்லாதோர் நடுவே சின்னமுத்துக் கண்ட ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரையில் தொற்றுவர் என்பது நூற்றுணிபு. ஆதலால் நூற்றுக்கு 95 பேராயினும் ஊசி பெற்றிருத்தல் வேண்டும் என்கின்றனர். ஒரு கிராமத்தில் ஐந்தாறு வீடுகள் தயங்கினாலே அவ்வேலி பிரிந்துபோகும். நம் நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993 இல். 1995 தொடக்கம் நடந்த போலியோ நாள்களில் போர்முனைகளிலும் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்தன. பகைவர் இருவர் ஒத்துக்கொண்ட ஒன்றைப் பாதியிற் குலைக்க ஒரு கைத்தொலைபேசிச் செய்திக்கு இடங்கொடுப்பதா?

பெற்றோர் யாரிடம் கேட்பது? முதலில் மருத்துவமாதிடம், பின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில். களுத்துறையில் 1926 இல் தொடங்கிய முறை இது. இன்று நாடெங்கும் இருக்கிறது. கேட்கத் தெரிந்து கேட்க வேண்டும். இன்று இடும் ஊசியின் பெயர் என்ன, எந்த நோய்க்கு, இன்றிரவு காய்ச்சல் வருமா, எவ்வளவு காய்ச்சலுக்குப் பிள்ளையைக் கொண்டு வரவேண்டும் என்று கேட்கலாம். முன்னைய ஊசிக்குப் பின் வலிப்போ மூச்சுத்திணறலோ உடம்பெங்கும் தடிப்போ வந்திருந்தால் அதனைத் தாயே முற்பட்டுச் சொல்ல வேண்டும். ஊசி போட்டவுடன் பஸ்ஸுக்கு ஓடாமல், அங்கே இருக்கச் சொல்லும் நேரம் வரையில் இருக்க வேண்டும். கடும் ஒவ்வாமை அரிது, வந்தால் பெரும்பாலும் அந்நேரத்திலேயே வரும். சின்னமுத்து ஊசிக்குரிய காய்ச்சல் அன்றிரவு வாராது, ஒரு வாரம் அளவிற் பின்வரும் என்பதையும் தாய் அறிந்திருத்தல் நன்று. அறியாதவள் அதனை வேறொன்றாக எண்ணி அஞ்சுவாள். மொழி தெரியாவிடின் அயல் வீட்டாரையோ பள்ளி ஆசிரியரையோ உடன் அழைத்துச் செல்லலாம். யான் சென்றிருக்கிறேன். அஃதொன்றும் பண்டிதனுக்கு இழுக்கன்று.

உயர்தர வகுப்பில் தமிழ் கற்கும் என் மாணவியர்க்கு இவ்வாண்டு ஒரு வேலை கொடுத்துள்ளேன். தத்தம் பாட்டிமாரிடமும் உம்மம்மாமாரிடமும் சென்று, குழந்தை நோய்களுக்கு இக்கரையில் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதிவர வேண்டும். பெயருக்கு எதிரே இன்றைய பெயர், அதற்குரிய ஊசி, இடும் வயது. இரண்டு தாள் அளவில் தொகுத்து, மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்தி, தொகுத்தோர் பெயரும் திருத்தியவர் பெயரும் ஆண்டும் தலைப்பில் இட்டுக் கிளினிக்கில் ஒட்ட எண்ணம். சின்னமுத்து, கூகைக்கட்டு, குக்கல், ஏற்புவலி எல்லாம் வந்து சேர்ந்தன. சிங்களத்தார் வழங்கும் சரம்ப என்ற சொல் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது என்பதையும் ஒரு மாணவி அகராதியிற் கண்டுபிடித்து வந்தாள். ருபெல்லாவுக்கு மாத்திரம் இக்கரை வழக்கிற் பெயர் அகப்படவில்லை. ஜேர்மன் சின்னமுத்து என்று எழுதுகின்றனர். பாட்டிமாருக்கு ஜேர்மனி தெரியாது. சிலாபம், முந்தல், கற்பிட்டிப் பக்கங்களில் அதற்கு வேறு பெயர் அறிந்தோர் இப்பத்திரிகை வாயிலாகத் தெரிவிப்பின், தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் சேர்த்துக்கொள்வோம்.